உழுத வயலில் ஒரு சங்கிலி

உழுது போட்ட நிலத்தின் மேடுபள்ளத்தை ஓர் எண்ணாகச் சொல்லவேண்டிய தேவை மண்ணரிப்பு ஆய்வில் வெகுநாளாக உண்டு. கட்டியும் சாலுமாகக் கிடக்கும் நிலத்தில் மழைநீர் குழிகளில் தேங்கி மெல்ல உள்ளிறங்கும், வழிந்தோட நேரமாகும். காற்றடிக்கும் வறண்ட பூமியில், துள்ளி நகரும் மணலைக் கட்டிகளும் பார்களும் பிடித்து நிறுத்தும். எந்தக் கலப்பை எவ்வளவு கரடுமுரடை விட்டுச்சென்றது, மழை அதில் எவ்வளவைக் கரைத்தது என்று தெரியாமல் அரிப்பைக் கணக்கிட முடியாது.

பழைய கருவி ஊசிப்பலகை. நெதர்லாந்தின் குய்பர்ஸ் 1957-ல் இதை விவரித்தார். சட்டத்தில் வரிசையாக நிற்கும் ஊசிகளை மண்மீது இறக்கி, ஒவ்வொன்றின் உயரத்தையும் குறித்து, அந்த உயரங்களின் திட்ட விலக்கத்திலிருந்து கரடுமுரடைக் கணக்கிடுவார்கள். நேர்மையான முறை, ஆனால் இடுப்பை ஒடிக்கும். பொலபொலத்த மண்ணில் ஊசி அமுங்கிப்போவதும் உண்டு.

இந்தச் சலிப்புக்கு நடுவே 1993-ல் அமெரிக்காவின் அலி சாலே ஒரு சங்கிலியோடு வந்தார். நீளம் தெரிந்த சங்கிலியை மண்மேல் படியவிட்டால், ஏறி இறங்குவதில் அது கிடைமட்டமாகக் குறைந்த தூரத்தையே எட்டும். அந்தக் குறைவைச் சதவீதமாக்கினால் கரடுமுரடு கிடைத்துவிடும். 1 மீட்டர் சங்கிலி 90 செ.மீ. தூரம் எட்டினால் 10. சாலுக்குக் குறுக்கே ஒரு முறை, சாலோடு ஒட்டி ஒரு முறை போட்டால், கலப்பை வகுத்த பார்களின் பங்கையும் தாறுமாறான கட்டிகளின் பங்கையும் ஓரளவு பிரித்துவிடலாம். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம், கெட்டுப்போக எதுவும் இல்லை. வயலில் வேலை செய்பவர்கள் இதை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் 1997-ல் ஸ்கிட்மோர் எழுப்பிய மறுப்பு அடிப்படையையே தொட்டது. இருபுறமும் 45 பாகை சரியும் பார்கள் கொண்ட இரண்டு வயல்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் பார் உயரம் 2 செ.மீ., மற்றதில் 20 செ.மீ. இரண்டிலும் 1 மீட்டர் சங்கிலி ஏறக்குறைய 71 செ.மீ. தூரமே எட்டும், இரண்டுக்கும் விடை 29. முதல் வயலில் தேங்கும் நீர் சொற்பம், இரண்டாவதில் ஏராளம். சங்கிலிக்குச் சரிவு தெரியும், உயரம் தெரியாது. அரிப்பைத் தடுப்பதில் உயரத்துக்குப் பெரும்பங்கு இருக்க, அதை அறியாத அளவுகோலை எப்படி நம்புவது?

இன்னொரு சிக்கல் கண்ணியின் நீளம். கண்ணியைவிடச் சிறிய குழிகளைச் சங்கிலி பாலம்போலத் தாண்டிவிடும். ஆக, கண்ணி மாறினால் விடையும் மாறும். 1998-ல் மெரில் இதையே சாதகமாக்கப் பார்த்தார்: வெவ்வேறு கண்ணி நீளமுள்ள சங்கிலிகளை ஒரே இடத்தில் போட்டு, விடைகளின் வேறுபாட்டிலிருந்து கரடுமுரடு எந்த அளவில் ஒளிந்திருக்கிறது என்று கண்டறிவது. கெட்டிக்காரத்தனமான தீர்வு. ஆனால் எளிமைக்காகவே கொண்டாடப்பட்ட முறையின் மேல் அது பாரத்தை ஏற்றுகிறது.

மண்ணைத் தொடாமலே அளக்கும் லேசர் வந்தது. பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் கட்டும் முறையும் வந்தது. இரண்டும் உயரத்தைத் தருகின்றன. கட்டியின் நிழலும் அடிப்புறமும் இவற்றுக்கும் எட்டாது. வயலில் கிடக்கும் வைக்கோலைக்கூட மண்ணென்று கணக்கெழுதும். இருந்தாலும் உயரம் தேவைப்படும் இடத்தில் நான் இவற்றின் பக்கம்தான்.

அந்தத் தேவை இப்போது கூடியிருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் ரேடார்கள் சுமார் 24 செ.மீ., 9 செ.மீ. அலைநீளங்களில் நிலத்தைப் பார்க்கின்றன. திரும்பிவரும் அலையில் மண்ணின் ஈரமும் மேற்பரப்பின் கரடுமுரடும் கலந்தே வரும். கரடுமுரடைத் தவறாக எடுத்தால் ஈரமும் தவறும். அங்கே வேண்டியது உயரங்களின் விலக்கமும், மேடுகள் எவ்வளவு தூரத்துக்கு ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற அளவும். இந்த இரண்டாவது அளவு, நாம் எடுக்கும் கோட்டின் நீளத்தைப் பொறுத்தே மாறும் தொல்லை பிடித்தது. 1 மீட்டர் பலகையில் கிடைப்பதும் 10 மீட்டரில் கிடைப்பதும் ஒத்துப்போவதில்லை. சங்கிலியால் இங்கே ஒன்றும் ஆகாது.

அதற்காகச் சங்கிலியைத் தூக்கியெறியவும் மாட்டேன். ஒரே வயல், ஒரே சங்கிலி, ஒரே திசை; உழுத மறுநாளும் மழைக்குப் பிறகும் போட்டு, கரடுமுரடு எவ்வளவு தேய்ந்தது என்று பார்ப்பதற்கு அது போதும். வேறு வேறு வயல்களை, வேறு வேறு கலப்பைகளை ஒப்பிட அது போதாது. கண்ணி நீளம், போட்ட திசை, உழவு முடிந்து பெய்த மழை ஆகிய மூன்றையும் குறிக்காமல் வரும் சங்கிலி அளவை ஆய்வேடுகள் ஏற்கக் கூடாது.