ரோல் அப்பை இறக்கத்தில் பாருங்கள்

பாயில் மல்லாந்து படுத்திருப்பவர் மெல்ல எழுந்து, நீட்டிய கால்களின் மேல் குனிந்து, மறுபடி படுக்கிறார். பிலாட்டீஸ் பயிற்சிகளில் ‘ரோல் அப்’ என்பது அவ்வளவுதான். ஆனால் தேர்ந்தவர் செய்தால் கண்ணை எடுக்க முடியாது.

தலைக்கு மேல் கிடந்த கைகள் கூரையை நோக்கி உயரும். மோவாய் நெஞ்சுப் பக்கம் தாழும். மூச்சு வெளியேற வெளியேற, கழுத்து, தோள்பட்டை, விலா என முதுகு பாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. நல்ல ரோல் அப்பில் அவை வரிசை குலையாமல் எழும். வயிறு புடைக்காது, உள்ளே குழியும்.

சிக்கல் விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான். அங்கே வயிற்றுத் தசைகள் தளர்ந்தால், தொடையை மடக்கும் தசைகள் வேலையைப் பறித்துக்கொள்ளும். முதுகு பலகைபோல் விறைக்கும், குதிகால்கள் துள்ளும். பலர் கைகளை வீசி, அந்த வேகத்தில் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஆகவே ரசிகர் பார்க்கவேண்டியது இறக்கத்தை. அங்கே வீச்சு உதவாது. இடுப்பெலும்பு பின்னால் சாய, முதலில் இடுப்பின் பின்புறம் பாயில் பதியவேண்டும்; பிறகு விலா, தோள்பட்டை, கடைசியில்தான் தலை. வயிற்றுத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கவேண்டும். ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்டாலே, எந்த இடத்தில் பிடி நழுவியது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சி முறையை வகுத்த ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் அடைத்துவைக்கப்பட்ட ஜெர்மானியர்களில் ஒருவர். ஐல் ஆஃப் மேன் தீவு முகாமிலும் இருந்தார். 1926இல் நியூயார்க் போய், மனைவி கிளாராவுடன் எட்டாம் அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். பாலன்சின், மார்த்தா கிரகாம் போன்ற நடன மேதைகளின் வட்டத்திலிருந்து கலைஞர்கள் அங்கே வந்தார்கள். உடலின் ஒவ்வொரு அசைவையும் தன் வசத்தில் வைத்திருக்கப் பழகியவர்களுக்கு இந்த முறை பிடித்துப்போனதில் வியப்பில்லை. 1945இல் வெளியான அவருடைய நூலில் பாய்ப் பயிற்சிகள் 34. ரோல் அப் இரண்டாவது. அதை நூறு முறை செய்யச் சொல்லவில்லை அவர். சில முறை, ஆனால் பிசகில்லாமல்.

புதியவர்களுக்கு நல்ல ஆசிரியர்கள் பெரும்பாலும் இறக்கத்தையே முதலில் பழக்குகிறார்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடைகளின் பின்புறத்தைப் பிடித்தபடி பாதி தூரம் சாய்ந்து மீள்வது. சரியான வழி இதுதான். எலும்பு தேய்ந்து மெலிந்தவர்களும் இடுப்பு வட்டில் பாதிப்புள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த வளைவில் இறங்கவேண்டாம்.