கண்ணாடியில் ஊதிய மூச்சு

மாயர்களின் ஒரு பிரிவினரான கீச்சே மக்களின் 'போபோல் வூ' பற்றிப் பேச்சு வந்தால், என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் உடனே 'வெர்ஷன்' கணக்குக்குப் போய்விடுவோம். முதலில் விலங்குகள், அவற்றுக்குத் தெய்வங்களின் பெயரைச் சொல்ல வரவில்லை. மண் மனிதன் கரைந்துபோகிறான். மர மனிதர்களுக்குப் பேச்சு உண்டு, நினைவு இல்லை. அவர்களுடைய சட்டிகளும் அரைகல்லும் நாய்களுமே திரும்பி அடிக்கின்றன. கடைசியில் மக்காச்சோள மாவில் நான்கு ஆண்கள். வேலை முடிந்தது, இல்லையா?

முடியவில்லை. அந்த நால்வருக்கும் நின்ற இடத்திலிருந்தே உலகம் முழுக்கத் தெரிகிறது. தெய்வங்கள் பயந்துபோகின்றன. கண்ணாடியில் ஊதினால் மங்குமே, அப்படி அவர்கள் கண்களை மங்க வைக்கின்றன. பக்கத்தில் இருப்பது தெரிந்தால் போதுமாம். இதைப் பிழைதிருத்தம் என்று எப்படிச் சொல்வது? சரியாக வந்ததையல்லவா குறைக்கிறார்கள்!

இந்த இடத்தைச் சும்மா தாண்டிப்போகும் வாசிப்புகளை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய குவாத்தமாலாவில் இருந்த கீச்சே தலைநகரை 1524இல் பெத்ரோ தே அல்வராதோ எரித்தார். 1550களில், பெயர் போடாத கீச்சேக்கள் லத்தீன் எழுத்தில் இந்தக் கதையை எழுதினார்கள். கிறிஸ்தவத்துக்குள் இருந்து எழுதுகிறோம், பழைய நூலை இனிப் பார்க்க முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பழைய நூலுக்கு அவர்கள் தரும் பெயர் 'பார்க்கும் கருவி'. போரும் பஞ்சமும் வருவதை அரசர்கள் அதில்தான் பார்த்தார்களாம்.

ஆக, பார்வை இரண்டு தடவை பறிபோயிருக்கிறது. முதல் தடவை தெய்வங்களின் மூச்சில், அடுத்தது படையெடுப்பின் நெருப்பில். அதற்குப் பிறகும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.