அறுகோணத்தின் விடுபட்ட முனை

அறிகை விஞ்ஞானம் பற்றிய அறிக்கையொன்று 1978இல் அமெரிக்காவின் ஸ்லோன் நிதியத்துக்கெனத் தயாரிக்கப்பட்டது. மெய்யியல், உளவியல், மொழியியல், மானிடவியல், நரம்பியல், கணினி விஞ்ஞானம் ஆகிய ஆறினையும் அது அறுகோணமொன்றின் முனைகளாக வரைந்து காட்டிற்று. 1986இல் சன் டியேகோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனித்துறை நிறுவிற்று. மாணவர் தமது தாய்த்துறையோடு அறிகை விஞ்ஞானத்தையும் இணைத்துக் கலாநிதிப் பட்டம் பெறும் பல்துறைப் பயிற்சியும் அங்கு உண்டு.

ஆயின், ஆறு முனைகளும் நடைமுறையிற் சமமாக அமையவில்லை. உளவியல் மேலோங்க, மானிடவியல் ஏறத்தாழ மறைந்துவிட்டமையை நூனெஸ் முதலியோர் 2019இல் எடுத்துக்காட்டினர். இதனைத் தற்செயலெனக் கொள்ள நாம் தயங்குகிறோம். சிந்தனையைத் தனிமனித மூளையினுள் நிகழும் தகவற் செயன்முறையாக மட்டும் காணும் நோக்கில் உழைப்புக்கும் வரலாற்றுக்கும் இடமில்லை.

மாற்று மரபு இல்லாமலில்லை. 1931–32இல் உஸ்பெகிஸ்தானில் ஆய்வு நிகழ்த்திய லூரியா, சமூக மாற்றத்தோடு சிந்தனை முறையும் மாறுவதைக் காண முயன்றார். பள்ளிக்கல்வியையே அவர் அளவுகோலாக்கியமை குறையே எனினும், எழுப்பிய வினா சரியானது. சன் டியேகோத் துறையைச் சார்ந்த மானிடவியலாளரான ஹட்சின்ஸ், கப்பல் செலுத்தும் அறிவு மாலுமிகளிடையேயும் கருவிகளிடையேயும் பகிர்ந்து கிடப்பதை 1995இல் நிறுவினார்.

எனவே, துறைகளை அருகருகே நிறுத்துவது மட்டும் பல்துறைப் பயிற்சியாகாது. சிந்திக்கும் மனிதன் உழைக்கும் மனிதனுமாவான் என்பதை மறந்த பயிற்சி, அறிகையின் ஒரு பாதியையே கற்பிக்கும்.