ஆறாம் திணையில் தனியே இருப்பவள்

ஈழத்துப் புலம்பெயர் இலக்கியத்தைப் பேசத் தொடங்கினால் ‘ஆறாம் திணை’ என்ற சொல் உடனே வந்துவிடும். பனியும் பனி சார்ந்த இடமும். 1994இல் இந்திரனும் எஸ்.பொ.வும் சேர்ந்து தொகுத்த நூலுக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயர். அழகான தலைப்புதான். ஆனால் பிறகு வந்த விமர்சனங்கள் பலவும் அந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே நின்றுவிட்டன. பனி என்றால் துயரம், பனை என்றால் இழந்த வீடு. பெண்கள் எழுதியதையும் இப்படியே வாசிப்பதில்தான் எனக்குச் சிக்கல்.

திணை வெறும் மனநிலை அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். அப்புறம்தான் உரிப்பொருள். நம் விமர்சகர்கள் பனியைக் கண்டதும் நேராக உரிப்பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். (நம் ஊர்ப் பனி வெயில் ஏறினால் மறைந்துவிடும். கனடாவின் பனி நாள்கணக்கில் வாசலில் கிடக்கும், யாராவது அள்ளித் தள்ளியாக வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதும் ஒரு காரணமோ என்னவோ.) கனடாவில் வாழ்ந்து 2015இல் மறைந்த திருமாவளவன் தம் தொகுப்புக்குப் ‘பனிவயல் உழவு’ என்று பெயரிட்டபோது தொழிலை உள்ளே கொண்டுவந்தார். அந்த வயலில் விடிகாலைத் துப்புரவு வேலைக்குப் பேருந்து பார்த்து நிற்பவள் இருக்கிறாள். குழந்தையின் தள்ளுவண்டியைப் பனிச்சேற்றில் இழுப்பவள் இருக்கிறாள். சன்னலோரத் தொட்டியில் கறிவேப்பிலைச் செடியைக் குளிர்காலம் முழுக்கச் சாகவிடாமல் காப்பவளும் இருக்கிறாள். பருவம் எப்போது திரும்புகிறது என்று இவர்களைக் கேட்டால் தெரியும்.

இலக்கணத்திலும் ஓர் இடறல் உண்டு. கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள். பாலையைக் கடப்பவன் அவன், வீட்டிலிருந்து நாள் எண்ணுபவள் அவள். உடன்போக்கிலும் அவனோடுதான் போக வேண்டும். தனியே கடல் கடந்தவளுக்கு அங்கே துறை இல்லை.

இப்போது என் மாணவிகள் போகிறார்கள். அகதியாகப் போனவளின் பாலையும் கல்விக் கடனோடு போகிறவளின் பிரிவும் ஒன்றல்ல. முன்னவளுக்குத் திரும்பும் வழி அடைபட்டிருந்தது. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒன்ராறியோவில் படிக்கும் ஒரு மாணவி சொன்னது இந்த விவாதத்துக்கு வேண்டும். வகுப்பு முடிந்து ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். “ஊர் ஞாபகம் வந்துச்சா?” என்று கேட்டேன். “இல்ல மேடம். எங்க ஊர்லயும் ஏரி இருக்கு. அந்தக் கரையில நான் ஒருநாள்கூடத் தனியா உக்காந்ததில்ல” என்றாள்.

இதை ஏக்கம் என்று எப்படி வாசிப்பது? இற்செறிப்பை அகப்பாடலின் ஒரு துறையாக வகுப்பில் நடத்துகிறோம், குறிப்பெழுதச் சொல்கிறோம். இவள் ஊர் ஏரியை இழக்கவில்லை, அது அவளுக்குக் கொடுக்கப்படவே இல்லை. அவள் எழுதினால் அந்த அந்நிய ஏரியில் பிறந்த ஊர் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நாம்தான்.

அதற்காக அந்த நிலத்தைச் சொர்க்கமாக்கவும் மனமில்லை. இருட்டிய பிறகு அவள் அங்கேயும் கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அந்தக் கரையும் ஆளில்லாமல் கிடந்த இடமல்ல. ஒன்ராறியோ என்ற பெயரே பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்தது. அவர்கள் பறிகொடுத்த மண்ணுக்கு நாம் ஆறாம் திணை என்று பெயர் வைக்கலாமா என்று, மண்ணைப் பறிகொடுத்து வந்தவர்களின் இலக்கியமாவது கேட்க வேண்டாமா?

அ. மங்கை தொகுத்து 2007இல் வந்த ஈழப் பெண் கவிஞர்களின் ‘பெயல் மணக்கும் பொழுது’ நூலை இந்தப் பருவத்தில் மாணவிகளோடு மறுபடி வாசிக்கிறோம். மழையோ மரமோ வரும் இடத்தில் நிறுத்தி, அவள் அங்கே என்ன வேலையாக நிற்கிறாள், கூட யார் இருக்கிறார்கள், அப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்கிறோம். உரிப்பொருளுக்கு இன்னும் வரவில்லை.