ஆசாரம் என்றால் வரவேற்பறை இல்லைங்க

கொங்குத் தமிழ்ச் சொற்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவை ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல் என்று முடிந்துவிடுகின்றன. ப்ரோக்ராமில் கீ-வேல்யூ எழுதுவோமே, அதே மாதிரி. வீட்டுச் சொற்களுக்கு இது ஒத்துவராது.

'ஆசாரம் = வரவேற்பறை' என்று போடுகிறார்கள். சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒறம்பரை வந்தால் உட்காருவது ஆசாரத்தில்தான். ராத்திரி பாய் விரிப்பதும் அங்கேதான், கடலைக்காய் மூட்டை அடுக்குவதும் அங்கேதான். வரவேற்பறையில் யாராவது மூட்டை அடுக்குவாங்களா?

'சீமாறு = விளக்குமாறு' சரிதான். ஆனால் சுவாரசியமே அதற்குப் பிறகுதான். சீத்தல் என்றால் பெருக்கித் தள்ளுதல். மாறு என்றால் துடைப்பம். விளக்குமாறும் இதே அமைப்புதான், விளக்கு என்ற வினையோடு மாறு. ஆக, சீமாறு கொச்சை இல்லை. பொதுப்பேச்சில் மறைந்துபோன ஒரு பழைய வினையை அது பத்திரமாக வைத்திருக்கிறது.

அட்டாலி கதை வேறு. இதை ஆங்கில 'அட்டிக்'கோடு முடிச்சுப் போட ஆசையாக இருக்கும். வேண்டாம். அட்டிக் என்பது கிரேக்கத்தின் அட்டிகா பகுதிப் பெயரிலிருந்து வந்தது. நம் அட்டாலிக்குச் சொந்தம் அட்டாலை. காவல் மேடை, மேல்மாடி என்று பொருள்.

ஸ்காட்லாந்தில் இரண்டு அறை வீட்டை 'பட் அண்ட் பென்' என்பார்கள். பட் வெளியறை, பென் உள்ளறை. 1931 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த ஸ்காட்டிஷ் தேசிய அகராதி இப்படிப்பட்ட சொற்களுக்குப் பொருளோடு நிற்காது. எந்த வட்டாரம், எந்த ஆண்டு, எந்த வாக்கியம் என்று சான்றும் காட்டும்.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. கி.ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்குக்குப் பாதை போட்டார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. மேற்கோள் எடுக்க ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) தொடங்கி நாவல்கள் உண்டு.

பட்டியல் போடுபவர்கள் மூன்று வரி கூடுதலாக எழுதினால் போதும்: வீட்டில் எந்த இடம், என்ன செய்வார்கள், எந்த ஊரில் கேட்டது. ஓட்டு வீடுகள் இடிந்து தார்சு வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பொடக்காளியைப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்கு 'கொல்லைப்புறம்' என்ற பதிலும் இன்னொரு கேள்விதான்.