இரு மாதிரிகள் சேரும்போது

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒன்றிய அரசின் களப்பணியாளர்கள் ஒரு மாதிரியையும், கேரளப் பொருளியல் புள்ளியியல் துறையினர் இன்னொரு மாதிரியையும் எடுக்கிறார்கள். மாநிலத்துக்குப் போதுமான மாதிரி, மாவட்டம் என்று வந்ததும் மெலிந்துவிடும். இரண்டையும் இணைத்தால் மாவட்டத்துக்கும் உறுதியான எண் கிடைக்கும் என்பதே நோக்கம். அந்த எண்ணோடு வரும் பிழை வரம்பு எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

எடுத்துக்காட்டாக, ஒரு மாவட்டத்தின் வேலையின்மையை ஒரு மாதிரி 10 விழுக்காடு, பிழை வரம்பு 4 என்றும், மற்றது 14 விழுக்காடு, பிழை வரம்பு 3 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். பிழை வரம்புகளை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. சராசரிக்கு அதில் பாதி, 2.5. ஆக, 12 விழுக்காடு, வரம்பு 2.5. தனித்தனியே கிடைத்த இரண்டையும்விட இது கூர்மையானது. மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் இது நியாயமான ஆதாயம்.

பிழை குறைந்த மாதிரிக்குக் கூடுதல் எடை தரும் முறையும் உண்டு. அதன்படி விடை 12.56, வரம்பு 2.4. கிடைப்பது சிறிய ஆதாயம்; ஆபத்து அதைவிடப் பெரிது. சிறு மாதிரியில் வேலையற்றோர் தற்செயலாகக் குறைவாகச் சிக்கினால் மதிப்பீட்டோடு பிழை வரம்பும் சுருங்கும். சூத்திரம் அதையே அதிகம் நம்பும். விடை கீழே சாயும்.

பெரிய குறை வேறு. மேற்சொன்ன 14-ஐ 20 ஆக்கிப் பாருங்கள். வித்தியாசம் 10, தற்செயலாக வரக்கூடியதோ 5 வரைதான். இரண்டில் ஒன்றாவது கோளாறு. ஆனாலும் சராசரியின் பிழை வரம்பு அதே 2.5! முரண்பாட்டைச் சூத்திரம் பார்ப்பதே இல்லை.

இரு மாதிரிகள் ஒத்துப்போனாலும் நிம்மதி இல்லை. திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி அடுக்குமாடிகளும் வாடகை வீடுகளும் நிறைந்த பகுதி. வேலைக்குப் போனவர்களின் வீடு பகலில் பூட்டிக் கிடந்தால் இரு குழுவினரும் அதே பூட்டைத்தான் பார்ப்பார்கள். இருவரின் பிழையும் ஒரே பக்கம் சாயும். எத்தனை மாதிரி சேர்த்தாலும் அது குறையாது.

ஒரே பகுதிக்கு வெவ்வேறு குழுக்களை அனுப்பி விடைகளை ஒப்பிடும் வழியைப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளச் சணல் கணக்கெடுப்புகளிலேயே காட்டினார். இரட்டை மாதிரியின் முதல் பயன் அந்த ஒப்பீடு. பிழை வரம்பைச் சுருக்குவது அடுத்ததுதான். எனவே இணைத்த எண்ணை வெளியிடும் ஒவ்வொரு அட்டவணையும் இரு மாதிரிகளின் தனி மதிப்பீடுகளையும், பதில் கிடைக்காத வீடுகளின் அளவையும் சேர்த்தே தர வேண்டும். மாவட்டத் திட்டங்களும் நிதியும் அந்த எண்ணை நம்பித் தீர்மானிக்கப்படலாம்.