கம்ப்ரசர் செலவும் குழாயின் கையிருப்பும்

நிலத்தில் ஓடும் நீண்ட எரிவாயுக் குழாய்களில் 80 முதல் 160 கிலோமீட்டருக்கு ஒரு கம்ப்ரசர் நிலையம் இருக்கும். பல கம்ப்ரசர்கள் தாம் தள்ளும் வாயுவையே எரித்து ஓடுகின்றன. கடத்தும் வாயுவில் 3 முதல் 5 சதவீதம் இப்படிச் செலவாகிறது என்பது துறையில் வழங்கும் கணக்கு. எந்த நிலையத்தை ஓட்டுவது, எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று கணிதத்தால் முடிவு செய்வதே உகப்பாக்கம்.

நார்வேயில் இதன் பலன் பெரிது. சின்டெஃப் ஆய்வு நிறுவனத்தின் பங்களிப்போடு உருவான 'காஸ்ஆப்ட்' என்ற மென்பொருள், கடலடிக் குழாய் வலையில் எந்த வழியே எவ்வளவு வாயு போகலாம் என்று கணிக்கிறது. ஒரு வயலில் உற்பத்தி நின்றால் மாற்றுவழியும் காட்டும். 1995 முதல் 2008 வரை இதனால் மிச்சமானது ஏறக்குறைய 200 கோடி டாலர் என்று அதைப் பயன்படுத்திய நிறுவனங்கள் மதிப்பிட்டன. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மனக்கணக்கில் இது கைகூடாது.

ஆனால் இத்தகைய மாதிரிகள் பல, ஓட்டம் நாள் முழுக்கச் சீராக இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாங்குபவருக்கு உறுதியளித்த அழுத்தம் 40 பார் என்று வைத்துக்கொள்வோம். எரிபொருளை மட்டும் மிச்சம்பிடிக்கும் விடை, முனையில் சரியாக 40 பாரில் வந்து நிற்கும். 43 அதற்கு வீண்செலவு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கோ அந்த 3 பார்தான் கையிருப்பு. குளிர்காலக் காலையில் வீடுகளின் ஹீட்டர்களும் மின்நிலையங்களும் ஒன்றாக வாயுவை இழுக்கும்போது, குழாய்க்குள் அடைத்து வைத்த அந்தக் கூடுதல் வாயுவே பற்றாக்குறையைத் தாங்குகிறது. அதைக் கணக்கில் சேர்க்க, மணிக்கு மணி மாறும் அழுத்தத்தைப் பின்தொடரும் மாதிரி வேண்டும். அழுத்தத்தின் வர்க்கமும் ஓட்டத்தின் வர்க்கமும் பின்னிய சமன்பாடுகளோடு வால்வு, கம்ப்ரசர் முடிவுகளும் ஒவ்வொரு மணிக்கும் பெருகுவதால், பெரிய வலைக்கு அதை நேரத்துக்குள் தீர்ப்பது இன்றும் கடினம்.

இதைவிடப் பெரிய குறை, கணக்கின் எல்லை குழாயோடு முடிந்துவிடுவது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸில் கிணறுகள் உறைந்து வாயு வரத்து குறைந்தது. மின் உற்பத்தியும் சரிந்தது. மின்வெட்டு தொடங்கியதும் மின்சாரத்தில் இயங்கிய வாயு நிலையங்கள் சிலவும் நின்றன. வாயு குறைந்து மின்சாரம் மேலும் குறைந்தது. அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. இதற்கு உகப்பாக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மின்சாரத்தை எப்போதும் கிடைக்கும் ஒரு செலவினமாக மட்டும் எழுதும் மாதிரியால் இந்த ஆபத்தை முன்கூட்டிக் காட்டவும் முடியாது.

வாயு, மின் வலைகள் இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவரும் ஆய்வுகள் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் அந்தப் புயலுக்கு முன்பே நடந்தன. நடைமுறைக்கு வரத் தடையாக இருப்பது கணிதம் மட்டுமல்ல. அமெரிக்காவில் வாயுச் சந்தையின் நாள் மத்திய நேரப்படி காலை 9 மணிக்குத் தொடங்குகிறது, மின்சந்தையின் நாள் நள்ளிரவில். குழாய் நிறுவனமும் மின்வலை இயக்குநரும் வெவ்வேறு அமைப்புகள். அழுத்த விவரங்களை இருவரும் உடனுக்குடன் பகிரும்படி விதி செய்வதே இப்போது அவசரமான வேலை.